சாவியா, துணியா

அந்தத் தனியார் பஸ் டிப்போவில் முதலாளியோடு மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. மானேஜர் மேஜைமேல் டிக்கெட் மெஷினைப் பொத்தென்று வைத்துவிட்டு வீட்டைப் பார்த்துப் போனவர்களும் உண்டு. ஆனால் சாவி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடம் குரலை உயர்த்தியவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆள் ஒன்றும் ஆஜானுபாகு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னல் விளிம்புக்கு மேலே தலை மட்டும்தான் தெரியும். அந்தத் தலை தெரிந்ததும் ஆறடி டிரைவர்கள் திறந்து கிடக்கும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார்கள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி உலகத்துக்கே அவள் சாவியக்கா.

வேலை என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை, பலகை நிறைய ஆணிகள், ஆணிக்கு ஒரு பஸ் சாவி. காலையில் டிரைவர்கள் வரிசையில் வருவார்கள், அவரவர் வண்டிச் சாவியைக் கொடுத்து அனுப்ப வேண்டும். வேறு யாராக இருந்தாலும் சாவியை ஜன்னல் விளிம்பில் வீசிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். சாவியக்கா அப்படிச் செய்வதில்லை. சாவியைத் தன் உள்ளங்கையில் வைத்து, கையை விரித்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டுவாள். டிரைவர் அதை அவள் கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவுதான் அவளுடைய பரீட்சை. கோபத்தில் வருகிறவன் சாவியை எடுப்பதில்லை, பிடுங்குகிறான், நகம் படும். மனதில் வேறெதையோ போட்டு உழப்பிக்கொண்டிருப்பவன் சாவியைத் தொட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். சரியாகத் தூங்காதவன் ஒருமுறை நழுவவிட்டு மறுபடி எடுப்பான். இதில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும், நீட்டிய கை சாவியோடு உள்ளே போய்விடும். இன்னொரு கை காலடியில் இருக்கும் வாளியிலிருந்து ஒரு ஈரத்துணியைப் பிழிந்து வெளியே நீட்டும்.

"வண்டிக் கண்ணாடி எல்லாத்தையும் துடைச்சிட்டு வாங்க."

ஏன் என்று சொல்ல மாட்டாள். கேட்டாலும் பதில் வராது. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள், உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. துடைத்து முடிப்பதற்குள் முக்கால்வாசிப் பேருக்குச் சூடு இறங்கிவிடும். திரும்பி வந்து சாவியை ஒழுங்காக எடுத்தால் வண்டி போகும். அப்போதும் நகம் பட்டால் மாற்று டிரைவர் போவார், இவர் அன்றைக்கு ஷெட்டில் உட்கார்ந்து டயர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த வழக்கம் ஊறி ஊறி, "அக்கா, இன்னிக்குச் சாவியா, துணியா?" என்பதே டிப்போவின் காலை வணக்கம் ஆகிவிட்டது.

இதெல்லாம் எங்கே படித்தாள் என்று கேட்டால், ஒரு கீறலில் படித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'வெடி' என்று ஒரு டிரைவர் இருந்தார். அன்று காலை போனில் தன் தம்பியோடு கத்திச் சண்டை போட்டுக்கொண்டே வந்தவர், அவள் கையிலிருந்து சாவியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார். வழியில் இருக்கும் பாலத்துக்கு அந்தப் பக்க வளைவில் ஒரு லாரி வழி விடவில்லை. விடாவிட்டால் என்ன, ஒரு நிமிஷம் பின்னால் போனால் குடியா முழுகிவிடும்? ஆனால் வெடிக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. வளைவிலேயே முந்தப் போய் பஸ்ஸைக் கொண்டுபோய் ஒரு மதில்மேல் சாத்தினார். உயிர்ச்சேதம் இல்லை, கண்டக்டருக்குக் கால் போயிற்று. அந்தக் கண்டக்டர்தான் இப்போது டிப்போவுக்குள்ளேயே டீக்கடை வைத்திருக்கிறார், நொண்டி நொண்டி வந்து டீ கொடுப்பார். பின்னால் விசாரித்தபோது, லாரிக்காரன் தன்னைப் பார்த்துக் கேலியாகச் சிரித்தான் என்று வெடி சத்தியம் செய்தார். லாரிக்காரன் அவரைப் பார்க்கவே இல்லை. வீட்டில் தம்பி சொன்ன வார்த்தைதான் லாரி உருவத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலை சாவியக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். காலையில் பட்ட நகக்கீறல் சிவந்து கிடந்தது. "என் கைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல" என்று தன் கணவரிடம் சொன்னாள். அவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். "ம்" என்றார். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு பழைய வாளியையும் கிழிந்த துண்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதற்குப்பிறகு டிரைவர்கள் ஒவ்வொருவரையும் அவள் கரைத்துக் குடித்துவிட்டாள். மீசைக்காரர் நல்ல மனிதர், ஆனால் யாராவது தன்னை முந்தினால் பரம்பரை மானமே போனதாக நினைப்பவர். அவருக்குக் காலையில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினால் அன்றைக்கு யார் முந்தினாலும் சிரிப்பார். இன்னொருவருக்கு மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தால் பிரேக்கே ஞாபகம் வராது. வேறொருவர் தனக்கு ஒன்றும் ஆகாது என்று ஜோசியக்காரர் சொன்னதை நம்பிக்கொண்டு ஓட்டுபவர். அவரிடம், "உங்களுக்கு ஆகாதுதான், உள்ள உக்காந்திருக்கிறவங்க ஜாதகத்தையும் அவரு பாத்தாரா?" என்று கேட்டாள். அவர் அன்றைக்குத் தானாகவே துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்படி ஒரு மனுஷி இருந்தால் எந்த டிப்போவும் கும்பிட்டுத்தான் வைத்துக்கொள்ளும்.

அவளுக்கு ஒரே மகள். அந்த மகளைக் கேட்டு வந்தவரும் அதே டிப்போ டிரைவர்தான். டிரைவர்களுக்குள் அவருக்கு 'ராக்கெட்' என்று பெயர். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்வார், எப்போதும் சிரித்த முகம், வாயில் எப்போதும் ஒரு பாட்டு முணுமுணுப்பு, யாரோடும் ஒரு சண்டை கிடையாது. உறவுக்காரர்கள் குலம் கோத்திரம் விசாரித்துக்கொண்டிருந்தபோது சாவியக்கா விசாரித்தது அவருடைய விரல்களை மட்டும்தான். அவள் உள்ளங்கையிலிருந்து அவர் சாவியை எடுப்பது பூ எடுப்பதுபோல இருக்கும். இரண்டு விரல், கையில் பட்டதே தெரியாது. சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூடத் துணி வாங்காத ஒரே டிரைவர் அவர். அந்தக் கையை நம்பித்தான் அவள் பெண்ணைக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை ஆனபிறகும் அவர் ஜன்னலுக்கு வந்து, "அத்தை, சாவி!" என்று பாடுவதுபோலக் கேட்பார். வரிசையில் நிற்பவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். மீசைக்காரர் ஒருநாள், "என்னக்கா, மாப்பிள்ளைக்குத் துணியே கிடையாதா? ஒருவேளை பட்டுத் துணியா இருந்தா குடுப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டார். "அவரு கையைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றாள் சாவியக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை பஸ்களை வழியனுப்பி வைக்கிற அவள் பஸ்ஸில் ஏறுவதே இல்லை. வீடு டிப்போவுக்குப் பின்தெரு. கடை கண்ணி எல்லாம் நடக்கிற தூரம். எங்கே போவதற்கு பஸ்?

அன்று மூக்குக்கண்ணாடி மாற்ற மார்க்கெட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது கால் வலித்ததால் ஸ்டாப்பில் நின்றாள். தூரத்தில் ஒரு பஸ் வருவது புதுக் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளையின் வண்டி! ஓட்டமாக வந்து, ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டி, புழுதி பறக்க நின்றது. வாலிபர்கள் நாலைந்து பேர் ஓடிப்போய் ஏறினார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் ஓரடி பின்னால் நகர்ந்தாள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவரும் நகர்ந்தார்.

"நீங்க ஏறலியாம்மா?" என்று சாவியக்கா கேட்டாள்.

"இது ராக்கெட் வண்டிங்க. பின்னாடியே நத்தை வரும், அதுல வாங்க. உயிரோட வீடு போய்ச் சேரலாம்" என்றாள் அந்தப் பெண் சாதாரணமாக, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல. நத்தை என்பது அதே தடத்தில் அடுத்த பஸ்ஸை ஓட்டும் டிரைவரின் பட்டப்பெயர்.

சாவியக்காவுக்குச் சுருக்கென்றது. என் மாப்பிள்ளையையா சொல்கிறாய் என்று விடுவிடுவென்று போய் ஏறினாள். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.

அடுத்து நடந்ததை அவள் வாழ்நாளில் மறக்க மாட்டாள். வண்டி கிளம்பவில்லை, பாய்ந்தது. வேறு கம்பெனி பஸ் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டுகளில் இருந்த வாலிபர்கள், "விடாதீங்கண்ணே!" என்று விசிலடித்தார்கள். மாப்பிள்ளை ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அந்தப் பையன்களைப் பார்த்துச் சிரித்தார். பாலத்தின்மேல், எதிரே வேன் வரும்போதே, அந்த பஸ்ஸை முந்தினார். பாலம் இறங்கும் இடத்தில் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். மாப்பிள்ளை கையை வெளியே நீட்டி அவருக்கு ஒரு சலாம் போட்டார். முன்வரிசை கைதட்டியது. கடைசி வரிசையில் யாரும் பேசவில்லை. சாவியக்காவுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பெண், யார் எவர் என்று தெரியாத அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டபோது அங்கே விரல் தடம் பதிந்திருந்தது.

இதில் சாவியக்காவை உலுக்கியது வேகம்கூட இல்லை. அந்த மனிதர் சந்தோஷமாக இருந்தார். ஒரு துளி கோபம் இல்லை, அவசரம் இல்லை, கவலை இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு குஷி.

இறங்கும்போதுதான் மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. "அத்தை! நீங்களா? சொல்லியிருந்தா முன் சீட்டே போட்டுக் குடுத்திருப்பேனே! எப்படி நம்ம ஓட்டு?"

"நாளைக்குச் சொல்றேன் மாப்பிள்ளை" என்றாள். கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "கோவக்காரன் பிடுங்குறான், தெரிஞ்சிடுது. இவரு சிரிச்சுக்கிட்டே வாங்குறாரு. நான் கோவத்தைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்! இத்தனை நாளா நானே என் கையால சாவியைக் குடுத்து அனுப்பியிருக்கேனே!" அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வருவது அபூர்வம்.

கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "சந்தோஷமா இருக்கிறவனை எப்படி நிறுத்துவே?"

"துணிதான்."

"மாப்பிள்ளைக்கா? நாலு பேர் முன்னாடியா?" கொஞ்சம் யோசித்தார். "பொண்ணு மூஞ்சில முழிக்க முடியாது. அதுவும் வயித்துல பிள்ளையோட இருக்கா." இத்தனை வார்த்தையை அவர் ஒரே நேரத்தில் பேசி அவள் கேட்டதில்லை. விஷயம் அவ்வளவு பெரியது என்று அதிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை, "அத்தை, சாவி!" என்ற பாட்டு வந்தபோது, ஜன்னலிலிருந்து நீண்டது ஈரத்துணி.

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம்கூட நின்றது.

"விளையாடாதீங்க அத்தை, டைம் ஆச்சு."

"கண்ணாடி எல்லாத்தையும் துடைச்சிட்டு வாங்க மாப்பிள்ளை."

"நான் கோவமா இருக்கேனா? யார்கூடயாவது சண்டை போட்டேனா? தூங்காம வந்தேனா? கையைப் பாருங்க!" அவர் கையை நீட்டினார். சொன்னதில் ஒரு பொய் இல்லை. அவளுடைய சட்டப்படியே பார்த்தால் அவர் நிரபராதி.

"கையில ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. அதான் நான் ஏமாந்தேன்" என்றாள். நீட்டிய துணி அப்படியே நின்றது.

மாப்பிள்ளையின் சிரிப்பு அப்போதுதான் போயிற்று. துணியை வாங்காமல் போனில் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓரமாகப் போனார். முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்னக்கா இது, வீட்டு விவகாரத்தை வீட்டோட வச்சுக்கக் கூடாதா? பாலத்துத் தடம் ட்ரிப் போகணும்ல?" என்றார்.

"மாத்து வண்டி போயிடுச்சுங்க. ட்ரிப் நிக்கல."

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஜன்னலில் இதுவரை தலையிட்டதில்லை என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, உள்ளே போய்விட்டார்.

மகள் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. நத்தையின் பஸ் நிதானமாக உள்ளே வந்து நின்றது. அதிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மாதம் ஏழு. மூச்சு வாங்க ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உனக்கு என்னம்மா ஆச்சு? எம் புருஷனை இத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுத்துறியே, நான் தெருவுல நடக்க வேணாமா? அவரைப்போல ஓட்ட இந்த டிப்போவுல ஆள் இருக்கா? நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே! இப்ப சாவியைக் குடு. குடுக்கலன்னா பாத்துக்கோ, உன் பேரப்பிள்ளையைக் கண்ணுல காட்ட மாட்டேன்!"

சாவியக்காவின் கை ஆணிப்பலகை வரைக்கும் போனது. அதை டீக்கடைக்காரர் பார்த்தார், ட்ரிப் முடித்து வந்திருந்த மீசைக்காரர் பார்த்தார். போன கை அந்தச் சாவியைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றது. மகளின் வார்த்தை அவளைக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் பிடியும் இன்னும் இருந்தது. எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து நத்தை வந்து சேர்ந்தார். சூதுவாது தெரியாத மனிதர். எங்கே என்ன பேசுகிறார்கள் என்று கவனிக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. "என்ன பாப்பா, இன்னிக்கு என்ன அப்படி அவசரம்? வழக்கமா உக்கார்ற சீட்டுல ஆள் இருக்குன்னு சொல்லியிருந்தா எழுப்பி உக்கார வச்சிருப்பேனே. நின்னுக்கிட்டே வரலாமா இந்த நேரத்துல?" என்றார்.

"வழக்கமாவா?" என்று கேட்டது மாப்பிள்ளை.

"ஆமா தம்பி. மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு நம்ம வண்டிலதானே போகுது. உங்க வண்டி போன கையோட பாப்பா வாசல்ல வந்து நிக்கும்." சொல்லிவிட்டு நத்தை டீக்கடைப் பக்கம் நடந்தார். ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். "பக்கத்து வீட்டு அக்காகூட கார்ல போறேன்னுதானே சொன்னே?"

மகள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"நம்ம வீட்டு வாசல்லதானே என் வண்டி நிக்குது? நான் ஹாரன் அடிச்சிட்டுத்தானே போறேன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நேரம் அம்மாவிடம் கத்திய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "எனக்கு மட்டும்னா ஏறியிருப்பேங்க" என்றாள். சொல்லும்போது கை தானாக வயிற்றின்மேல் போயிற்று.

சாவியக்காவுக்கும் இது புதுச் செய்தி. மகள் எல்லாம் தெரிந்துகொண்டே, புருஷன் மனம் நோகக்கூடாதென்று, மாசாமாசம் ஒரு பொய் சொல்லி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறாள். ஊரில் ஒருவரையும் விடாமல் படித்த தாய், பெற்ற பெண்ணைப் படிக்காமல் விட்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வேலை நேரத்தில் அவள் ஜன்னலை விட்டு எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மகளை உட்கார வைத்தாள். மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜன்னல் விளிம்பில் ஈரத்துணி கிடந்தது. மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனார்.

முன்கண்ணாடியில் ஆரம்பித்தார். வெளியே ஒரு சுற்று முடித்து உள்ளே ஏறினார். ஜன்னல் ஜன்னலாகத் துடைத்துக்கொண்டே பின்னால் போய்க் கடைசி வரிசைக்கு வந்ததும் அங்கே உட்கார்ந்துவிட்டார். அந்த வண்டியை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தபோது டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் முன் சீட்டுகள் மட்டும்தான் தெரிந்தன. அவர்தான் அப்படித் திருப்பி வைத்திருந்தார். சிரிப்பும் விசிலும் கைதட்டலும் அங்கிருந்துதானே வரும். கடைசி வரிசையில் யார் இருந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து முன்னால் போனார். சாவியக்கா மகளின் தலையைத் தடவிக்கொண்டே அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அந்தக் கண்ணாடியைப் பிடித்து, கடைசி சீட்டு தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். அன்றைக்கு அவர் சாவி கேட்கவில்லை. துணியை அலசிப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போனது நத்தையின் பஸ்ஸில்.

ஒரே நாளில் ஒருவர் மாறிவிட்டார் என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். அடுத்து வந்த நாட்களில் முன்வரிசைப் பையன்கள், "என்னண்ணே, வண்டிக்கு உடம்பு சரியில்லியா?" என்று உசுப்பேற்றினார்கள். அவருக்குக் காலும் கையும் துறுதுறுத்ததை அவரே பிறகு மனைவியிடம் ஒப்புக்கொண்டார். அப்போதெல்லாம் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்ப்பாராம். அதில் இப்போது வேறு முகங்கள் இருந்தன. கொஞ்ச நாளில் அந்தப் பையன்கள் வேறு பஸ் தேடிக்கொண்டார்கள். அந்த சீட்டுகளில் கைக்குழந்தைக்காரிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

இதில் அடிபட்டது நத்தை ஒருவர்தான். ஒருநாள் ட்ரிப் முடித்து வந்தவர், அடுத்த ட்ரிப்புக்கு ஜன்னலுக்கு வந்து, "அக்கா, உங்க மாப்பிள்ளை முன்னாடி அன்னநடை போட்டா நான் எப்ப போய்ச் சேர்றது? என் ஆளுங்களையெல்லாம் அவரே ஏத்திக்கிறாரு! ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டேங்கிறாரு!" என்று குதித்தார். பேசிக்கொண்டே சாவிக்குக் கையை நீட்டி வெடுக்கென்று இழுத்தார். நகம் பட்டது. ஒரு கணம் இரண்டு பேருமே திகைத்துப்போனார்கள். பிறகு சாவியக்கா வாளிக்குள் கையை விட்டாள். டிப்போ முழுக்க எழுந்த சிரிப்பில் நத்தையும் கடைசியில் சேர்ந்துகொண்டார். முதல்முறையாகக் கோபத்துக்குத் துணி வாங்கியவருக்கு டீக்கடைக்காரர் டீயை இலவசமாகவே கொடுத்தார்.

அந்த மாதம் மகள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. அன்று காலை மாப்பிள்ளை ஜன்னலுக்கு வந்தபோது பாட்டு இல்லை. சாவியக்கா வழக்கம்போல உள்ளங்கையில் சாவியை வைத்து நீட்டினாள். அவர் விரல்கள் சாவிக்கு மேலே வந்து தயங்கி நின்றன. தொட்டு, விட்டு, மறுபடி தொட்டன. அவள் கையில் அவருடைய வியர்வை பட்டது.

"அத்தை, இன்னிக்கு அவ என் வண்டில வர்றேன்னு சொல்லியிருக்கா" என்றார்.

"தெரியும் மாப்பிள்ளை. எங்கிட்ட சொன்னா."

"கை நடுங்குது." அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணும்னா துணி குடுங்க, துடைச்சிட்டு வர்றேன்."

இத்தனை வருஷமாக இப்படித் தயங்கிய கைகளுக்கெல்லாம் அவள் துணியைத்தான் கொடுத்திருக்கிறாள். பின்னால் நின்ற மீசைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். சாவியக்கா ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கையையும் நீட்டி, மாப்பிள்ளையின் விரல்களைப் பிடித்து, சாவியை அதற்குள் வைத்து மூடினாள்.

"இப்படித்தான் இருக்கணும், போய்ட்டு வாங்க" என்றாள்.

வண்டி கிளம்பி வாசல் வரைக்கும் போய் நின்றது. சாலை இரண்டு பக்கமும் காலியாகத்தான் இருந்தது. இருந்தும் அது நின்று, பார்த்து, பிறகு திரும்பியது. சாவியக்கா புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.